வண்டி ஓடிய நேரங்களை எழுதிவைத்தவருக்கு

கிரீன்லாந்துப் பனிக்குள்ளிருந்து குடுவைகளில் எடுத்துவந்த பழைய காற்றின் சோதனை முடிவுகள் நேற்று இரவு வந்துவிட்டன. இரண்டு குடுவைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் காற்று சுத்தம். முகாமில் அடித்த புயலில் எங்கள் பதிவேடு போனது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் புயலைப் பற்றி மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் ஆறப்போட மனம் வரவில்லை.

பனியில் துளையிட்ட தோழர்கள், நள்ளிரவிலும் சூப்பைச் சூடாக வைத்திருந்த சமையல்காரர், கண்ணாடிக் குடுவைப் பெட்டிகளை விரிசல் விழாமல் கொண்டுசேர்த்த சரக்குப் பணியாளர்கள், ஆய்வகத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்த தோழி, தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத அக்கா: எல்லோருக்கும் என் வணக்கம். ஆனால் இந்த மடல் எங்கள் முகாம் மெக்கானிக்குக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, ஊரறியச் சொல்ல வேண்டும்.

அங்கே மேலிருந்து எழுபது, எண்பது மீட்டர் ஆழம் வரை பனி முழுக் கட்டியாக இறுகியிருப்பதில்லை. அதன் இடுக்குகளில் காற்று ஊர்கிறது. கீழே போகப் போகப் பழைய காற்று. துளைக்குள் நீண்ட ரப்பர்ப் பையை இறக்கி, ஊதவைத்து, மேற்காற்று புகாமல் அடைத்துவிட்டு, அடியில் உள்ளதைக் குழாய் வழியே உறிஞ்சுவோம். கார்பன் டை ஆக்சைடு அளவு ஆடாமல் நின்ற பிறகே குடுவையைத் திறப்போம். நாங்கள் தேடுவது ஈத்தேன் என்ற வாயு. எண்ணெய், எரிவாயுக் கசிவுகளோடு காற்றில் கலக்கும் அது, 20ஆம் நூற்றாண்டில் ஏறிக்கொண்டே போய் 1980களில் இறங்கத் தொடங்கியதைத் துருவப் பனிக்குள் இருந்த காற்றுதான் காட்டிக்கொடுத்தது. காற்றில் அதன் அளவு நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு. பக்கத்தில் ஒரு ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் வண்டி, உறுமினாலே குடுவை கெட்டுவிடும்.

கெட்டது இரண்டுதான் என்று எப்படி நிரூபிப்பது? எங்கள் பதிவேடுதான் போய்விட்டதே! மொத்தத்தையும் தூக்கிப்போடச் சொல்லும் குரல்கள் எழுந்த நேரத்தில், எங்கள் மெக்கானிக் தம் சட்டைப்பை நோட்டைப் படமெடுத்து அனுப்பினார். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது நின்றது, ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடியது, காற்று எந்தப் பக்கம் வீசியது, எல்லாம் கிரீஸ் படிந்த பக்கங்களில், குளிரில் மை உறைந்துவிடும் என்பதால் பென்சிலில். தாம் சிகரெட் பிடிக்கப் போன நேரங்கள்கூட! "உங்கள் காற்றுக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் குறித்தேன்" என்று கூடவே ஒரு வரி.

குடுவைச் சீட்டுகளில் இருந்த நேரங்களோடு ஒப்பிட்டோம். இயந்திரப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்த இரண்டும், டிராக்டர் ஓடி அதன் புகை எங்கள் பக்கம் அடித்த அதே அரைமணி நேரத்தில் நிரம்பியவை. மற்றவை நிரம்பியபோது அருகில் ஓர் இயந்திரமும் ஓடவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் பம்ப், வால்வு, அளவுக் கருவி என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்த நோட்டுக்கு அதில் ஒரு பத்தியாவது வேண்டாமா? கட்டுரையின் கடைசியில் வரும் நன்றிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தால் போதும் என்கிறார்கள். ஆசிரியர் வரிசையிலேயே அவர் பெயர் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பேராசிரியர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் விடப்போவதில்லை.