ஹைட்ரோஸ் டிரம்முக்கு வரி போடும் முன் சாயத் தொட்டியையும் எட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னிமலையில் 31 வருடமாகச் சாயப்பட்டறை நடத்துகிறேன். அப்பா பார்த்த தொழில். பெட்ஷீட், துண்டு நெய்கிற கைத்தறிக்காரர்களின் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குகிறோம். உங்கள் வணிகப் பக்கத்தில் 'இறக்குமதி ரசாயனத்துக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி' என்று அடிக்கடி சின்னதாக ஒரு செய்தி வரும். எந்தச் சரக்கு, எந்த நாடு, எத்தனை வருடம் என்பதோடு முடிந்துவிடும். வெளிநாட்டுச் சரக்கை அடிமட்ட விலைக்கு இங்கே கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கப் போடுகிற கூடுதல் இறக்குமதி வரி அது. துறைமுகத்தில் போட்ட அந்த வரி டீலர் கடை வழியாக எங்கள் தொட்டிக்கு வந்து சேர்வதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வரி விழுந்த, நாங்கள் வாங்குகிற ரசாயனத்தின் பெயர் சோடியம் ஹைட்ரோசல்பைட். பட்டறையில் ஹைட்ரோஸ் என்போம். டிரம்மைத் திறந்தால் வெள்ளைத் தூள், கூடவே கந்தக நெடி. வேட் என்கிற சாய வகை தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் சேர்ந்தால்தான் அது கரைந்து நூலுக்குள் இறங்கும். ஜேட் கிரீன் என்கிற பச்சை வேட் சாயம் போடுகிற அன்று வந்து பாருங்கள். தொட்டிக்குள் எல்லாம் கருநீலமாக இருக்கும். நூல் சிட்டத்தைத் தூக்கிக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே நீலம் மங்கிப் பச்சை எழும்பி வரும். எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன், இன்னமும் ஒரு நிமிடம் நின்று பார்க்காமல் போனதில்லை. அப்படி ஏறிய பச்சை பெட்ஷீட் நைந்து கிழிகிறவரை போகாது.

ஹைட்ரோஸ் குறைந்தால் எல்லாம் கெட்டது. மஞ்சள் வேட் சாயம் தோய்த்த காகிதத் துண்டு ஒன்றைத் தொட்டியில் நனைப்போம். அது நீலமாக மாறினால் ஹைட்ரோஸ் போதும். மாறாவிட்டால் இன்னும் போட வேண்டும். போடாமல் விட்டால் சாயம் பாதியிலேயே திரிந்து, நூல் திட்டுத் திட்டாக வெளியே வரும். 50 கிலோ நூலுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் வைத்தால் நாலைந்து கிலோ ஹைட்ரோஸ் போகும். அடர்த்தியான நிறம் என்றால் இன்னும் கூட.

இந்த ஹைட்ரோஸுக்குத்தான் 2021 டிசம்பரில் சீனச் சரக்கின் மேல் ஐந்து வருடத்துக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். அதே சமயத்தில் அலுமினியத் தகடு, சிலிகான் சீலன்ட், குளிர்சாதன வாயு ஆகியவற்றுக்கும் வரி வந்தது. ஐந்து வருடம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் மறு ஆய்வு தொடங்கினால் வரியைத் தொடரலாம் என்கிறது சட்டம். அந்த ஆய்வில் யார் பேச்சு காதில் விழப்போகிறது என்பதுதான் என் கவலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த வரிக்கு எதிரி இல்லை. தன் ஊரில் விற்கிற விலைக்கும் கீழே இங்கே கொண்டுவந்து கொட்டி, நம் ஆலையைப் படுக்கவைத்துவிட்டு அப்புறம் விலையை ஏற்றுகிறவனைத் தடுக்க ஏதாவது வேண்டும்தான். இதே ஹைட்ரோஸ் காரைக்குடி பக்கம் கோவிலூரில் தயாராகிறது, குஜராத்திலும் தயாராகிறது. அந்த ஆலைகள் மூடினால் எனக்கும் நல்லதில்லை. பென்சிலின் கதை எல்லோருக்கும் தெரியும். மலிவான சீனச் சரக்கு வந்து இங்கே பென்சிலின் ஜி என்கிற மருந்து மூலப்பொருளின் உற்பத்தியே நின்றுபோனது. பிறகு வருடக்கணக்கில் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கினோம். காக்கிநாடா பக்கம் மறுபடி ஆலை எழுந்து ஓட 2024 ஆனது. ஹைட்ரோஸுக்கும் அந்த நிலை வரக்கூடாது.

சரி, பிறகு என்ன குறை? சுமையை யார் தோளில் வைக்கிறார்கள் என்பதில்தான் குறை.

என் மகள் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இந்த வரியை விசாரிக்கிற மத்திய அரசு அமைப்பான வணிகத் தீர்வு இயக்குநரகத்தின், அதாவது டிஜிடிஆரின், இணையதளத்தில் இருந்து சில அறிக்கைகளை இறக்கி எனக்கு வாசித்துச் சொன்னாள். கணக்கு இப்படிப் போகிறது. உதாரணத்துக்குச் சொல்கிறேன், நிஜ எண்கள் இல்லை. சீனத்தில் கிலோ 100 ரூபாய்க்கு விற்க வேண்டிய சரக்கை நமக்கு 80-க்கு விற்றால் குவிப்பு அளவு 20. இங்கே நம் ஆலைக்குக் கட்டுப்படியாகிற விலை 92 என்றால் பாதிப்பு அளவு 12. இரண்டில் எது குறைவோ அதுவே வரி, அதாவது 12. இது நியாயமான முறை, குறை சொல்ல மாட்டேன். டிஜிடிஆர் பரிந்துரை மட்டும்தான் செய்யும். வரியை விதிப்பதா வேண்டாமா என்று நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்யும். பரிந்துரையை அப்படியே விட்டுவிட்டதும் பல முறை நடந்திருக்கிறது.

அப்புறம் அவள் காட்டியது, வரி கேட்பவர்கள் எப்போதும் வைக்கிற ஒரு வாதத்தை. 'இந்த ரசாயனம் இறுதிப் பொருளின் விலையில் மிகச் சிறிய பங்கு. வரி போட்டாலும் வாங்குகிறவர்களுக்குப் பாதிப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல.' பெட்ஷீட் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் அது உண்மைதான். ஹைட்ரோஸ் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால், 50 கிலோ நூலுக்கு 40, 50 ரூபாய் கூடும். கிலோ நூலுக்கு ஒரு ரூபாய். கடையில் பெட்ஷீட் வாங்குகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் அந்த ஒரு ரூபாயைக் கொடுப்பது பெட்ஷீட் வாங்குகிறவர் இல்லை, நான். ஜவுளிக்காரர் வருடத்துக்கு ஒருமுறை பேசிய கூலியைத்தான் தருவார். நடுவில் ஹைட்ரோஸ் ஏறிவிட்டது என்று போய் நின்றால், 'பக்கத்துப் பட்டறையில் பழைய கூலிக்கே போடுகிறார்களே அண்ணா' என்பார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நெசவாளிக்குக் கொடுப்பதற்கே அவர் திணறுகிறார். கிலோ நூலில் ஆள் சம்பளம், விறகு, கரண்ட், தண்ணீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் போக எனக்கு நிற்பது நாலு, ஐந்து ரூபாய். அதில் ஒரு ரூபாய் போகிறது. என் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பெட்ஷீட் விலையால் வகுத்தால் ஒன்றுமில்லாத அதே ஒரு ரூபாய், சாயக்காரன் கூலியால் வகுத்தால் வீட்டுச் செலவைத் தொடுகிறது. எதால் வகுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைவிட மனதைச் சுடுவது ஒன்று உண்டு. அட்வான்ஸ் ஆதரைசேஷன், அதாவது ஏற்றுமதிச் சரக்குக்கு வேண்டிய மூலப்பொருளை வரியில்லாமல் இறக்குமதி செய்யும் அனுமதி, வாங்கி இறக்குமதி செய்கிற ஏற்றுமதியாளருக்கு இந்த வரியே கிடையாது. அவர் துணியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார், உலகச் சந்தையில் போட்டி போட வேண்டும், அதனால் சலுகை. காரணம் புரிகிறது. ஆனால் ஒரே கப்பலில் தூத்துக்குடியில் இறங்கும் ஒரே தூள், அவர் கணக்கில் வரியில்லாமல் வெளியே போகிறது. உள்ளூர்ச் சந்தைக்குப் பெட்ஷீட் நெய்கிறவருக்காக நான் டீலரிடம் வாங்கும் ஒரு டிரம்மில் முழு வரியும் இருக்கிறது. நம் நாட்டு ஆலையைக் காப்பாற்றுகிற செலவை அளவில் பெரியவர்கள் தாண்டிப் போய்விட, கைத்தறிக்காரரும் அவரை நம்பியிருக்கிற சாயக்காரரும் சுமக்கிறோம்.

இந்த வகை வரி பெரும்பாலும் டன்னுக்கு இத்தனை டாலர் என்றுதான் இருக்கும். ரூபாய் சரிந்தால் வரி தானே ஏறிவிடும். ஜிஎஸ்டியையாவது கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதைக் கழிக்க வழி இல்லை. இதையும் சேர்த்த தொகை மேல்தான் துறைமுகத்தில் இறக்குமதிக்கான ஜிஎஸ்டியை, அதாவது ஐஜிஎஸ்டியை, கணக்கிடுகிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு ஏறினால் உள்ளூர்ச் சரக்கும் கூடவே ஏறும். கோவிலூர்ச் சரக்குதான் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினாலும் பழைய விலை கிடையாது.

விலை ஏறும்போது சின்னப் பட்டறைகள் என்ன செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். முழு டிரம் வாங்க முடியாமல், பிரித்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டிய லூஸ் ஹைட்ரோஸ் வாங்குகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் நானும் அப்படி வாங்கினேன். ஹைட்ரோஸுக்கு ஈரம் ஆகாது. ஈரம் ஏறினால் உள்ளே சூடாகி, தானே பற்றிக்கொள்ளும். காலையில் பட்டறையைத் திறந்தபோது மூலையில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. வேலை செய்யும் பையன் வாளித் தண்ணீரோடு ஓடினான். 'ஊத்தாதடா' என்று கத்தி அவனை நிறுத்தி, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு மண்ணை அள்ளிக் கொட்டினோம். நெடியில் பையனுக்கு இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. மீதித் தூளில் வீரியம் போய்விட்டது தெரியாமல் அடுத்த லாட்டுக்குப் போட்டேன். 11 கட்டு நூல் திட்டாகிவிட்டது. நூல்காரருக்கு நஷ்டத்தைக் கட்டினேன். அந்த மிச்சம் பிடித்த தவறு என்னுடையதுதான். ஆனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் என்பது இந்தத் தொழிலில் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் செய்த பாவத்தையும் மறைக்கவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. நொய்யலில் சாயத் தண்ணீர் வந்து தேங்கி அந்தப் பக்கத்து விவசாயிகள் பட்ட பாட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, அது வர வேண்டிய தீர்ப்புதான் என்று என் அப்பாவே சொன்னார். சுத்திகரிப்புச் செலவை நாங்கள் ஏற்கத்தான் வேண்டும். அந்தச் செலவுக்கு மேலே இன்னொன்று வரும்போது தாங்குகிற சக்தி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா?

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. விசாரணை தொடங்கும்போது பயன்படுத்துவோரும் கேள்விப் படிவம் நிரப்பி அனுப்பலாம். ஆனால் அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வரும். பதிலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம்தான் அவகாசம். அலுவலகம் டெல்லி நாடாளுமன்றச் சாலையில். ஆலைகளுக்கு வக்கீலும் செலவுக் கணக்காளரும் இருக்கிறார்கள். எங்களுக்கு அறிவிப்பு வந்ததே தெரியாது. மகள் காட்டிய அறிக்கைகளில், ரகசியம் என்று சொல்லி, எண் இருக்க வேண்டிய கட்டங்களில் மூன்று மூன்று நட்சத்திரமாக இருந்தது. எங்கள் கூலிக்கு அந்த அறிக்கைகளில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஆகவே ஹைட்ரோஸ் மறு ஆய்வு வருமானால் மூன்று காரியம் செய்யும்படி உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன். முதலாவது, பயன்படுத்துவோருக்கான கேள்விப் படிவத்தைத் தமிழில் கொடுத்து, ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்கட்டும். மாநிலக் கைத்தறித் துறையும் எங்கள் பக்கம் ஒரு தரப்பாகப் பதிவு செய்துகொள்ளட்டும். அடுத்தது, பாதிப்பைப் பெட்ஷீட் விலையோடு மட்டும் ஒப்பிடாமல் சாயக் கூலியோடும் ஒப்பிட்டு அறிக்கையில் எழுதட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகம் ஏற்கெனவே கைத்தறிக்கு நூலும் சாயமும் ரசாயனமும் வாங்கிக் கொடுக்கிறது. அந்தக் கழகம் வழியாக வருகிற ஹைட்ரோஸுக்கு, ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கிற அதே விலக்கைக் கொடுங்கள். கைத்தறி நூலுக்குச் சாயம் போடும் பட்டறைகள் பதிவு செய்துகொண்டு, போட்ட நூலின் கணக்கைக் காட்டி, முழு டிரம்மாக வாங்கிக்கொள்ளட்டும். கைத்தறிக்குப் போகிற அளவு மொத்தத்தில் பார்த்தால் கொஞ்சம்தான், அதனால் கோவிலூர் ஆலைக்கோ குஜராத் ஆலைக்கோ பெரிய நஷ்டம் வராது. உள்நாட்டுச் சரக்கையே சலுகை விலையில் கழகம் வாங்கிக் கொடுத்தால் இன்னும் சந்தோஷம்.

2021-லிருந்து வாங்கிய ஹைட்ரோஸ் பில்களை மகள் மாத வாரியாக ஒரு ஃபைலில் அடுக்கியிருக்கிறாள். லூஸில் வாங்கிய அந்த ஒன்றுக்கு மட்டும் பில் இல்லை. சென்னிமலை, பவானி, கரூர்ப் பக்கம் வேட் சாயம் போடுகிறவர்களும் தங்கள் பில்களை எடுத்து வைத்திருந்தால், படிவம் வரும் நாளில் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பலாம். உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவைப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைக்காரர் ஒருவர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்