பள்ளிக்குச் செல்போன் கொண்டுவருவது குறித்து

அரசு மேல்நிலைப் பள்ளி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளை உடன் வைத்து வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போவது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைதான். ஆகவே அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு சொல்: கடிதத்துக்குப் பின்பக்கமும் உண்டு. அதையும் வாசி.

வரும் திங்கள்கிழமை முதல் மாணவர்கள் யாரும் வகுப்பறைக்குள் செல்போன் வைத்திருக்கக் கூடாது. இது புதிய விதி அல்ல. பள்ளிக்குச் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் 2022-இலேயே அறிவித்துவிட்டார். நாங்கள்தான் கண்டும் காணாமல் இருந்தோம். சென்ற மாதம் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பாடம் நடத்திய ஆசிரியரையே கடைசிப் பெஞ்சிலிருந்து படம் பிடித்து, அதற்குப் பாட்டும் சேர்த்து, மாலைக்குள் ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அவர் மறுநாளும் வந்து அதே வகுப்பில் பாடம் நடத்தினார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. பிரான்ஸ் 2018-இல் சட்டமே போட்டுவிட்டது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 2023-இல் பாட நேரத்தில் செல்போனுக்குத் தடை விதித்தது. நியூயார்க் 2025-இல் காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும்வரை கூடாது என்றது. பிரேசிலும் தென்கொரியாவும் அதே ஆண்டில் சட்டம் இயற்றின. அமெரிக்கப் பெற்றோரில் பலர் இதை எதிர்த்தார்கள். பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கவலை நமக்கு இல்லை. அங்கே சில பள்ளிகளில் காந்தப் பூட்டு வைத்த பையில் போனைப் போட்டு மாணவரிடமே கொடுத்துவிடுகிறார்களாம். நம்மிடம் இருப்பது என் அறையிலுள்ள இரும்பு பீரோ. அதன் சாவி என் இடுப்பில் இருக்கும்.

பறித்தால் திருப்பித் தருவதில்லை என்பதில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மாதத் தவணையில் வாங்கிய போன் அது. தவணை முடியும் முன்பே பீரோவுக்குள் போனால் தண்டனை மாணவனுக்கு அல்ல, மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டு நிற்கும் அப்பாவுக்கு. 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம், அடியோடு தடை செய்வது விரும்பத்தக்கதோ நடைமுறைக்கு ஏற்றதோ அல்ல, ஆனால் வகுப்பில் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது, முடிந்த இடங்களில் பள்ளியில் ஒப்படைக்கச் செய்யலாம் என்று சொன்னது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. மலையோரக் கிராமங்களிலிருந்து கடைசி பஸ்ஸை நம்பி வருகிறவர்களுக்குப் போன் தேவைப்படலாம். அவர்கள் காலையில் பெயர் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, மாலையில் வாங்கிக்கொள்ளலாம். ஒளித்து வைத்துப் பிடிபட்டால், வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்துதான் வாங்க வேண்டும். அதற்காகப் பெங்களூரிலிருந்து யாரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டாம்; பாட்டி வந்தால் போதும்.

2020-இல் பள்ளிகளை மூடியபோது, பாடம் படிக்கப் போன் வேண்டும் என்று உங்களிடம் கேட்டவர்களும் நாங்கள்தான். ஆட்டை விற்று வாங்கித் தந்த வீடுகள் இருக்கின்றன. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். கையில் கொடுத்தது எளிதாக இருந்தது. அதைத் திரும்ப வாங்குவதற்கு வழி சொல்லாமலே பள்ளியைத் திறந்துவிட்டோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். சாப்பாட்டு வேளையில்தான் உங்களுக்கும் ஓய்வு, பிள்ளைக்கும் ஓய்வு என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பள்ளி எண்ணுக்கு அழையுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசவைப்போம். நான் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன், என்ன வேண்டுமானாலும் பேசுங்கள்.

இனி வருவது பின்பக்கம். வாசிக்கும் பிள்ளை இங்கே நிறுத்த வேண்டாம்.

இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டுப் போன் பெரியவர்களின் தலைமாட்டில் இருக்கட்டும். காலை வழிபாட்டில் நின்றுகொண்டே தூங்குகிறவர்களை நான் மேடையிலிருந்து பார்க்கிறேன்.

அடுத்தது பெண்பிள்ளைகளைப் பற்றி. ஒரு மாணவியிடம் போன் இருந்தது என்று வீட்டுக்குச் சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது. "படித்தது போதும்" என்று நிறுத்தி, அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கப் புறப்பட்ட வீடுகளை இந்த மாவட்டத்தில் பார்த்துவிட்டேன். பையனிடம் பிடித்தால் நான்கு அடி, பெண்ணிடம் பிடித்தால் கல்யாணம் என்பது என்ன கணக்கு? பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று நடக்கப்போவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பது நானாகத்தான் இருக்கும். ஒளிவுமறைவு இல்லாமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். யாராவது படத்தை வைத்துக்கொண்டு மிரட்டினால், பெண்ணை அடிக்காமல் என்னிடம் வாருங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சேர்ந்தே புகார் கொடுப்போம்.

"ஆசிரியர்கள் மட்டும் வைத்திருக்கலாமா?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வருகைப் பதிவைச் செயலியில்தான் போட வேண்டியிருக்கிறது. அது முடிந்ததும் ஆசிரியர்களின் போன்களும் அதே பீரோவுக்குள் போகும். என்னுடையதும்தான்.

கீழே உள்ள துண்டுச் சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். நீங்களே வையுங்கள். சென்ற முறை வந்த சீட்டுகளில் ஏழு அப்பாக்களின் கையெழுத்து ஒரே பச்சைப் பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. அந்தப் பேனா யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்