கிரிப்டோ: நட்டத்துக்கு முதலில் எல்லை போடுங்கள்

ஐயா,

வேலைக்குச் சேர்ந்த கையோடு கிரிப்டோ எனும் டிஜிட்டல் நாணய வர்த்தகத்தில் இறங்கும் இளைஞர்கள் எந்தக் காயினை வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு போனால் வெளியே வருவது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலை அதுதான்.

கையில் 50,000 ரூபாய் இருந்தால், ஒரு வர்த்தகத்தில் 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 5 சதவீதம் இறங்கினால் விற்றுவிட ஸ்டாப் லாஸ் போடுகிறீர்களா? சரி, அப்படியானால் 10,000 ரூபாய்க்குத்தான் வாங்கலாம்; அதில் 5 சதவீதம்தான் அந்த 500 ரூபாய். 10 மடங்கு லீவரேஜ் எடுத்தாலோ, அதாவது கடன் சேர்த்துப் போட்ட பணத்தைப் போல் 10 மடங்குக்கு வாங்கினாலோ, விலை 10 சதவீதம் எதிராகப் போனாலே போட்ட பணம் காலி. அவ்வளவு இறங்குமா என்று கேட்காதீர்கள்: 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது.

அப்புறம் வரி. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீதம்; ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் லட்சம் லாபம், மற்றொன்றில் லட்சம் நட்டம் என்றால், மிஞ்சியது ஒன்றுமில்லாவிட்டாலும் 30,000 ரூபாய் கட்ட வேண்டும். இது தெரியாமலேயே பலர் நகையை அடகு வைத்துப் பணம் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தங்கள் வணிகப் பக்கத்தில் இந்தக் கணக்குகளை எளிய உதாரணங்களோடு தொடராக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை