ஒருவருக்கும் 'தே' வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் வந்த ஆங்கில இலக்கணக் குறிப்பைப் படித்தேன். ஒரே ஆளைச் சுட்ட 'தே' (they, அவர்கள்), 'தேர்' (their, அவர்களுடைய) என்று எழுதுவது இன்றைய இளைஞர்கள் கொண்டுவந்த பிழையாம். நானும் முப்பது வருஷம் வகுப்பில் அதைப் பிழை என்றே சொல்லிக்கொடுத்தவள்தான். அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

இது பழைய வழக்கு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் காட்டும் முதல் சான்று, 1375 வாக்கில் எழுதப்பட்ட ஓநாய் மனிதன் கதைப்பாட்டில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரிடம் உண்டு. ஜேன் ஆஸ்டினிடம் தேடவே வேண்டாம், அவ்வளவு கிடைக்கும். அப்புறம் 18ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் வந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் 'ஹி' (he, அவன்) போதும், பெண்ணும் அதற்குள் அடக்கம் என்றார்கள். அப்படி எழுதிவைத்தவர்களில் முன்னோடி ஆன் ஃபிஷர் என்ற பெண் என்பதுதான் வேடிக்கை! 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் தன் சட்டங்களுக்கு இதையே விதியாக்கியது.

பன்மைச் சொல் ஒருவருக்கு எப்படிப் பொருந்தும் என்று குறிப்பாசிரியர் கேட்கிறார். 'யூ' மட்டும் எப்படிப் பொருந்தியதாம்? அதுவும் பன்மையாக இருந்ததுதான். ஒருவரை அழைக்க 'தௌ' (thou) என்று தனிச்சொல் இருந்தது. மரியாதைக்கு வந்த 'யூ' அதை விரட்டிவிட்டது. எதிரே ஒரே ஆள் நின்றாலும் இன்றைக்கும் 'யூ ஆர்'தான். தமிழருக்கு இதில் திகைக்க என்ன இருக்கிறது? 'அவர் வந்தார்' என்பது பழந்தமிழில் பலர்பால். குறிப்பில் பெயர் இல்லாததால், எழுதியது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. மேலே 'கேட்கிறார்' என்று போட்டு ஒப்பேற்றிவிட்டேன், பாருங்கள்.

பெயர் தெரிந்த ஒருவர் தன்னை 'தே' என்று சுட்டச் சொல்வது புதுசு, சரி. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி நிறுவனம் 'தே'யை ஆண்டின் சொல்லாக அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குறிப்பு பழித்தது 'எவ்ரிஒன்', 'சம்ஒன்' பின்னால் வரும் 'தேர்' என்பதை.

நான் வேலை பார்த்தது பெண்கள் பள்ளி. ஒரு மாணவி கட்டுரை நோட்டில், 'சம்ஒன் இன் அவர் (our) கிளாஸ் ஹேஸ் லாஸ்ட் தேர் பேக்', அதாவது நம் வகுப்பில் யாரோ பையைத் தொலைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாள். 'தேர்' என்பதை அடித்து, மேலே சிவப்பு மையில் 'ஹிஸ்' (his, அவனுடைய) எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன்.

நோட்டை வாங்கிப் பார்த்தவள் எழுந்து, "மிஸ், நம்ம கிளாஸ்ல பையன் யாரு?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. "ரூல் அப்படித்தான், உட்கார்" என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை