“வாய்ப்புக் கிட்டவில்லை” என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) பழைய அணிகளைப் பற்றிய கட்டுரை வாசித்தேன். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951ஆம் ஆண்டு அணிக்கு நான்கு வரி கொடுத்திருந்தீர்கள். நான்காவது வரி இது: “ஒன்பது ஆட்டங்களிலும் வென்றபோதும் இவ்வணிக்குக் கோப்பைப் போட்டியில் ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை.”

கிட்டவில்லையா? மழை பெய்யவில்லை, பஸ் வரவில்லை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அந்த அணியில் ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்று இரண்டு கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். புத்தாண்டை ஒட்டித் தெற்கு மாநிலங்களில் நடக்கும் பெரிய போட்டிகளுக்கு வரவேண்டுமானால் அந்த இருவரையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்றார்கள். கூட ஆடிய வெள்ளைக்காரப் பையன்கள் முடியாது என்றுவிட்டார்கள். கிழவர்களான பிறகும் அவர்கள் இதைத்தான் சொன்னார்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த ஒரு சொல்லை எப்படி விட்டுவைத்தீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

அது இயேசு சபையார் நடத்தும் பல்கலைக்கழகம். ஃபுட்பாலுக்குச் செலவழித்துக் கட்டுப்படியாகவில்லை. பெரிய போட்டி ஒன்றுக்குப் போயிருந்தால் கிடைக்கும் பணத்தில் அணி தப்பித்திருக்கக்கூடும். போகவில்லை, அந்த சீசனோடு அணியையே கலைத்துவிட்டார்கள். இருபது இருபத்தொரு வயதுப் பையன்கள் கொடுத்த விலை அது.

மேட்சன் அந்த ஒன்பது ஆட்டங்களில் பந்தோடு 1,566 கெஜம் ஓடியவர். அந்த வருடம் அமெரிக்காவிலேயே அதிகம். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பதை டச் டவுன் என்பார்கள்; அதில் 21. மறு வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி. டோலருக்கு 1952இல் முழங்கால் போய் ஆட்டமே முடிந்துபோனது. அவர் பள்ளிக்கூட ஆசிரியராகி, தலைமையாசிரியராகி, 1965இல் தொழில்முறை ஃபுட்பாலின் முதல் கறுப்பின நடுவராகவும் ஆனார். அதே அணியிலிருந்து ஜீனோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர், மேட்சன் ஆகிய மூவர் அந்த ஆட்டத்தின் புகழ் மன்றத்துக்குப் போனார்கள். இதற்கு இடமில்லை, கால் பக்கத்துக்கு உருண்டைப் பந்தின் படம் போட இடமிருந்தது! அந்த ஆட்டத்தின் பந்து இரண்டு முனையும் கூம்பியது. போன வருடம் இதே ஆட்டத்தை ரக்பி என்று போட்டீர்கள். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மாவட்டப் பள்ளி விளையாட்டு முடிவுகளை நிறுத்தியபோதும் எழுதினேன். அதற்கும் இல்லை. முப்பது வருடம் தங்கள் இதழைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டிய உடற்கல்வி ஆசிரியன் நான். இதைச் சொல்லிக்கொள்ளவேண்டி வந்ததே வருத்தம்தான்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. 1974இல் என் கல்லூரிக் கால்பந்து அணியோடு வெளியூர்ப் போட்டிக்குப் போனேன். அரையிறுதியில் ஜெயித்த அன்று இரவு ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. பந்தியில் உட்காரும் நேரத்தில் எங்கள் லெஃப்ட் விங் பையனை மட்டும் கூப்பிட்டு, “தம்பி, உனக்குப் பின்னால தனியா போட்டிருக்கு” என்றார்கள். அவன் எந்தத் தெரு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு கோலும் அவன் போட்டதுதான். எங்கள் முகத்தை ஒரு தரம் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். இலையில் சோறு விழுந்துவிட்டது, சாப்பிட்டோம். அவன் பின்கட்டுக்குப் போகவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாள் அவன் இல்லாமலே ஜெயித்தோம். கல்லூரி ஆண்டு மலரில் எங்கள் படம் வந்தது. கீழே அவன் பெயரைப் போட்டு, “இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை” என்று அச்சடித்திருந்தார்கள். தங்கள் கட்டுரையில் இருக்கும் அதே சொல்! அதை எழுதியவருக்கும் நடந்தது தெரியும்.

சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போனபோது, அந்த 1951 அணி ஆடிய, சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கீசர் மைதானத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். பழைய பெரிய அரங்கத்தை 1989இல் இடித்துவிட்டார்கள். இப்போது சின்னதாக இருக்கிறது. யார் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சுற்று நடந்தேன். எங்கள் லெஃப்ட் விங் நினைப்பாகவே இருந்தது. நாங்கள் பதினைந்து பேர் போயிருந்தோம், ஒருவன் எழுந்திருந்தால் போதும்.

அடுத்த இதழில் இரண்டே வரித் திருத்தம் போடக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அணிக்கு அழைப்பு மறுக்கப்பட்டது என்றும், எதனால் என்றும் எழுதுங்கள். ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு பெயர்களும் அதில் வரவேண்டும். பந்தின் படத்தைப் பற்றித் திருத்தம் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.