ஊசிக்குப் போகிறாயா, போ

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். சிங்கப்பூரில் சீன வைத்தியரிடம் தோளுக்கு அக்குபஞ்சர் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். தாராளமாகப் போ. ஆனால் ஊசி வலியைத்தான் குறைக்கும், மிச்ச வேலை உன்னுடையது.

என் தோளும் உன் தோளும் ஒன்றில்லை. எனக்கு வந்தது ஃப்ரோஸன் ஷோல்டர். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் அதிகம் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். தலை பின்ன முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட உன் அப்பாவைக் கூப்பிட வேண்டியிருந்தது (அவர் மாட்டிய லட்சணத்தை நேரில் சொல்கிறேன்). உனக்கோ கை மேலேயும் போகிறது, முதுகுப் பக்கமும் போகிறது. கழுத்திலிருந்து தோள்வரை இறுகிக் கிடக்கிறது என்கிறாய். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தசை பிடிக்காமல் என்ன செய்யும்? விரல் மரத்துப்போனாலோ கையில் பலம் குறைந்தாலோ மட்டும் முதலில் எலும்பு டாக்டரைப் பார்.

காற்று, குளிர், ஈரம் மூன்றும் உடம்பில் இறங்கி 'ச்சி' என்கிற உயிர்ச்சக்தியையும் ரத்தத்தையும் ஓடவிடாமல் அடைத்துக்கொள்கின்றன, அதுதான் வலி என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. உன் ஆயாவும் "வாயு பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்லுவாள்.

தோளில் குத்துவார்கள் என்று நான் தோளைக் காட்டி உட்கார்ந்திருந்தால், இங்கே எனக்கு அக்குபஞ்சர் போட்ட டாக்டர் காலைக் காட்டச் சொன்னார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்புக்குச் சற்று வெளிப்பக்கம் ஒரு புள்ளி. தியாவ்கோ என்று பெயராம். முடி மாதிரி மெல்லிய ஊசி, இறங்கியதே தெரியவில்லை. அதை லேசாகத் திருகிக்கொண்டே, "டீச்சர், இப்ப கையைத் தூக்குங்க" என்றார். காலுக்குள் ஒரு கனம், மரமரப்பு. அப்படி இருந்தால்தான் ஊசி சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். கை காதுவரை போகவில்லை, ஆனால் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியது. அப்புறம்தான் தோளைச் சுற்றி ஊசி வைத்தார்.

வலி குறைந்தது, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிந்தது. ஆனால் உண்மையான ஊசிக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா பேருக்குப் போடும் பொய் ஊசிக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று வந்த ஆய்வுகளும் உண்டு. அதோடு இந்த நோய் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருஷத்தில் தானாகவே தளரும். அதனால் எல்லாப் புகழும் ஊசிக்கே என்று சொல்ல மாட்டேன். சமையலறைச் சுவரில் விரல்களை நண்டு மாதிரி நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தேன். கை மேலே ஏறியது அந்தச் சுவரில்தான். நீயும் மணிக்கொருமுறை எழுந்து தோளைச் சுழற்று.

இங்கே வேறொருவர், சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால்தான் வைத்தியம் பிடிக்கும் என்றார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதிரி ஆளாக இருந்தால் நீயும் உட்காராதே. சிங்கப்பூரில் ஊசி போடுகிறவர் சீன மருத்துவர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டுப் பார்க்கக் கூச்சப்படாதே. ஊசி உன் கண்ணெதிரே புது உறையிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே ஜியான்ஜிங் என்ற புள்ளி இருக்கிறது. இறுக்கத்துக்கு அங்கேதான் கை வைப்பார்கள். அதற்குக் கீழே நுரையீரலின் நுனி, ஆழமாகப் போனால் ஆபத்து. ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறினால் வீட்டுக்கு வராதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்று. அந்த ஜியான்ஜிங் புள்ளியிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள புள்ளியிலும் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடும் வழக்கமில்லை. நாள் தள்ளியிருந்தால் உட்காரும் முன்பே வைத்தியரிடம் சொல்லிவிடு. அவருக்கு முன்னால் எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அம்மா