அந்த மொனிட்டரைத் தூக்கிப் போடாதே

ஹட்டன்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாள் என்று வாசித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கால் வலி எப்படி? இங்கே ஐப்பசி மழை பிடித்துவிட்டது. காலையில் நல்ல வெயில், பின்னேரம் ஆனால் இடி.

சரி, மொனிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். போட்டதும் படம் வந்து இரண்டு செக்கனில் மறைகிறது, கீழே சின்ன லைட் மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது, கடையில் பெனல், அதாவது திரையே, போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதை நம்பிப் புதிதாக வாங்க ஓடாதே. முதலில் அடப்டரை, அதாவது மொனிட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்.

போன மாதம் எங்கள் வீட்டு மொனிட்டரும் இப்படித்தான் செய்தது. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், கூட்டினால் உடனே அணைந்துவிடும். மொனிட்டரில் அதிகம் கரண்ட் இழுப்பது பின்னால் எரியும் விளக்குதான். அதனால் எனக்கு அடப்டர் மேல் சந்தேகம் வந்தது. கழற்றி மீட்டர் வைத்தால் 14 வோல்ட் சரியாகவே காட்டியது. பலரும் ஏமாறுவது இங்கேதான். சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாகத்தான் இருக்கும், சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். மொனிட்டரில் குத்தும் பிளக்குக்குப் பக்கத்தில் வயரின் தோலைக் கொஞ்சம் சீவி, இரண்டு கம்பியும் முட்டாமல் பிரித்து, மொனிட்டரை மாட்டியபடியே மீட்டர் ஊசியை வைத்தேன். படம் வந்த கணம் 14 சடாரென்று 9க்கு விழுந்தது, அணைந்ததும் மறுபடி ஏறியது. திரும்பத் திரும்ப அதேதான்.

அடப்டருக்குள்ளே இருக்கும் கபாசிட்டர்கள், அதாவது மின்னைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள், சூட்டில் வருடக்கணக்காகக் காய்ந்து போவதுதான் பெரும்பாலும் காரணம். தலை பொரித்த அப்பளம் போல உப்பியிருக்கும். ஆனால் நீ அடப்டரை உடைத்துப் பார்க்காதே மச்சான், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நம் 230 வோல்ட் கரண்ட் உள்ளே போய் நேரோட்ட மின்னாக (DC) மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும். சுவர் பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கபாசிட்டரில் அது தேங்கி நிற்கலாம்.

அதற்கு முன்னால் இன்னொன்று. வயரை மொனிட்டர் பக்கத்துப் பிளக் அருகே மெதுவாக வளைத்துப் பார். வளைக்கும்போது படம் வந்து போனால், உள்ளே வயர் அறுந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

வேறு அடப்டர் வாங்குவதென்றால் பழையதில் ஒட்டியிருக்கும் லேபலைப் பார். வோல்ட் அச்சு அசலாக அதேதான் இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. பிளக்கின் நடுவில் பிளஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படமும் ஒத்துவர வேண்டும். பிளக்கின் தடிப்பையும் உள்ளே மெல்லிய ஊசி இருக்கிறதா என்பதையும் கவனி. உன் வீட்டில் பழைய லெப்டொப் சார்ஜர் கிடக்கும், அனேகமாக 19 வோல்ட். பிளக் பொருந்துகிறதே என்று அதை 14 வோல்ட் மொனிட்டரில் குத்திவிடாதே. நன்றாக இருக்கிற மொனிட்டரும் எரிந்து போகும்.

எங்களுக்குப் புது அடப்டர் போட்டதும் வெளிச்சம் முழுவதும் கூட்டியும் அசையவில்லை. உன்னுடையது அதற்குப் பிறகும் அணைந்தால், கோளாறு மொனிட்டரின் போர்டில்தான். அப்போது ரிப்பேருக்குக் கொடுக்கலாம்.

அப்புறம், இந்த மாதங்களில் பின்னேரத்து இடி நம் பக்கம் பொல்லாதது. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல் பிளக்கையே கழற்றி வைக்கச் சொல். பிள்ளையின் படிப்புக்கு அந்தக் கொம்பியூட்டர்தான் துணை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கொழும்புக்குப் போகிறேன். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போகிற வேலையும் இருக்கிறது. அடப்டர் லேபலையும் பிளக்கின் நுனியையும் தெளிவாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, நானே பார்த்து வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்